அணைக்கட்டைச் சுற்றி ஓடும் ஒயிட்வாட்டர் கால்வாயில் கயாக் ஓட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆற்றுக்குக் குறுக்கே ஓர் அணையோ தடுப்பணையோ நின்றால் மேலே ஒரு நீர்மட்டம், கீழே ஒரு நீர்மட்டம். அணையின் ஓரமாக ஒரு கால்வாய் வெட்டி, கான்கிரீட் போட்டு, நடுநடுவே தடுப்புக்கட்டைகளை வைத்து, தலைப்பில் உள்ள மதகைத் திறந்துவிட்டால் அந்த உயர வித்தியாசம் முழுவதும் சில நூறு மீட்டருக்குள் நுரையும் அலையுமாக இறங்கிவிடும். பெரும்பாலான இடங்களில் பம்ப்கூட வேண்டாம், ஆறே வேலையைச் செய்துகொள்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் முதல்முறை கயாக்கை (ஒருவர் உட்கார்ந்து துடுப்பு போடும் சிறு படகு) இறக்கப் போகிறவர்களுக்கும், இயற்கையான ஆற்றில் ஓட்டிப் பழகிவிட்டு ‘இது வெறும் சிமென்ட் வாய்க்கால்தானே’ என்று வருகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அதிகம் அடிபடுவது இரண்டாவது கூட்டம்தான் என்பது என் எண்ணம்.

நான் சொல்ல வருவது சுருக்கமாக இதுதான்: முதலில் பக்கத்தில் நிற்கும் அணையைப் புரிந்துகொள்ளுங்கள், அப்புறம் கால்வாயைக் கீழேயிருந்து மேலே கற்றுக்கொள்ளுங்கள். மதகில் ஆரம்பித்து ஒரே மூச்சில் கடைசிவரை வருவதற்குத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொஞ்சம் பின்னணி

ஸ்லாலம் என்பது தொங்கும் கம்பங்களுக்கு நடுவே படகை ஓட்டும் போட்டி. அதற்கான உலகத்தின் முதல் செயற்கைக் கால்வாய் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லெஹ் ஆற்றின் அணைக்கட்டை ஒட்டி இருக்கிறது. குளிர்காலத்தில் ஆற்றோடு வரும் பனிக்கட்டிகள் நகரின் நீர்நிலையத்துக்குள் போய்விடாமல் ஒதுக்கிவிட வெட்டிய கால்வாய் அது. அதையே திருத்திக் கட்டி 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் முதல்முறையாக கேனோ ஸ்லாலம் நடத்தினார்கள். கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் அதைப் பார்த்து அளவெடுத்துத் தங்கள் நாட்டில் ஸ்விக்காவ் என்ற ஊரில் அதேபோல ஒன்றைக் கட்டி அதில் பயிற்சி எடுத்தார்கள், நான்கு தங்கப் பதக்கங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இந்த ஒரு கதையே இந்த விளையாட்டின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறது. கட்டப்பட்ட நீரோட்டம் மனப்பாடம் செய்யக்கூடியது. மதகு அதே அளவு திறந்திருந்தால், கீழே மட்டம் மாறாமல் இருந்தால், நேற்று எழுந்த அதே இடத்தில் அதே அலை இன்றும் எழும்.

அதற்கப்புறம் 1984இல் அமெரிக்காவின் சவுத் பெண்ட் நகரில் செயின்ட் ஜோசஃப் ஆற்று அணையைச் சுற்றி ஈஸ்ட் ரேஸ் என்ற கால்வாய் வந்தது, வட அமெரிக்காவில் அதுவே முதல். 1986இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் அருகே டிரெண்ட் ஆற்றின் மதகுகளை ஒட்டி ஹோம் பியர்பாண்ட், 1995இல் அதே நாட்டில் டீஸ் ஆற்றுத் தடுப்பணை, 1996இல் ஸ்லோவாக்கியாவில் டான்யூப் ஆற்று அணைத்திட்டத்தோடு சேர்ந்த சூனோவோ. எல்லாம் ஒரே தத்துவம்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் தண்ணீரின் குணம் வேறு. டீஸில் தடுப்பணைக்குக் கீழே கடல் ஏற்றவற்றம் உண்டு, கடல் ஏறும்போது மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைந்து கால்வாய் சோர்ந்துவிடும். அதனால் பிற்பாடு பெரிய ஆர்க்கிமிடீஸ் திருகுகளை வைத்துத் தண்ணீரை மேலே ஏற்ற ஆரம்பித்தார்கள், கால்வாய்க்குத் தேவைப்படாத நேரத்தில் அதே திருகுகள் திரும்பிச் சுற்றி மின்சாரம் தயாரிக்கும். நீங்கள் போகிற இடம் எந்த வகை என்பதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 1: அணையிடமிருந்து விலகி நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கால்வாயில் உள்ள பெரிய அலையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பக்கத்திலேயே அமைதியாக, கண்ணாடி மாதிரி வழிந்துகொண்டிருக்கும் தடுப்பணையை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆளைக் கொல்வது அதுதான். ஆற்றின் முழு அகலத்துக்கும் ஒரே நேர்கோட்டில் தண்ணீர் வழிந்து விழும்போது, விழுந்த தண்ணீர் அடியில் போய் மேலே எழும்பி, மேற்பரப்பில் மறுபடியும் அணையை நோக்கியே திரும்பி ஓடுகிறது. அதில் சிக்கிய ஆளும் படகும் மரக்கட்டையும் சுற்றிச் சுற்றி அங்கேயே கிடக்கும். கரையிலிருந்து கரைவரை ஒரே சீராக இருப்பதால் பக்கவாட்டில் வெளியேறவும் வழி கிடையாது. ஒரு மீட்டர் உயரத் தடுப்பணையே இதற்குப் போதும். மேலே இருந்து வரும் படகுக்கு அது ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும், சத்தம்கூடக் கேட்காது.

கால்வாய்க்குள் இருக்கும் ஸ்டாப்பர், அதாவது தண்ணீர் விழுந்து பின்னோக்கி மடியும் நுரைக்குழி, இதற்குத் தங்கச்சி. ஆனால் அதைக் கட்டியவர்கள் ஒரு பக்கமாவது திறப்பு இருக்கும்படி, மாட்டியவரை வெளியே தள்ளிவிடும்படி யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். தடுப்பணையை யாரும் உங்களுக்காகக் கட்டவில்லை.

நடைமுறையில் கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, கால்வாயின் மதகுக்கு மேலே உள்ள தொடக்கக் குளம். கால்வாயின் மதகும் அணையின் மதகுகளும் ஒரே மேல்நீரிலிருந்துதான் தண்ணீர் எடுக்கின்றன. ஆற்றில் வரத்து கூடி அணையின் ஷட்டர்களைத் தூக்கியிருந்தால், அசைவே இல்லாதது போலத் தெரியும் அந்தக் குளம் அணையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். மிதவைகள் கோத்த ஒரு சங்கிலி குறுக்கே கட்டியிருப்பார்கள், அதற்கு அந்தப்பக்கம் போகவே கூடாது, பந்து போனாலும் துடுப்பு போனாலும் சரி. இரண்டாவது, கால்வாய் முடிந்து மறுபடி ஆற்றில் சேரும் இடம். சில இடங்களில் வெளியேறும் நீரோட்டத்தின் வேகத்தால் பக்கத்தில் ஒரு பெரிய சுழற்சி உண்டாகி, அது அணையின் அடிவாரத்தை நோக்கி மேல்நோக்கி ஓடும். களைத்துப்போய்ப் படகில் சாய்ந்தபடி மிதந்து ஓய்வெடுக்க அது இடமல்ல. கால்வாயிலிருந்து வெளியே வந்ததும் எந்தக் கரையில் ஏற வேண்டும் என்பதை நடந்துபோய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: தண்ணீரின் அளவு

செய்தியில் அணை நீர்வரத்தைக் கன அடியில் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு கணக்கு: வினாடிக்கு 1 கன மீட்டர் என்றால் சுமார் 35 கன அடி. இந்தக் கால்வாய்களில் வினாடிக்கு 10 கன மீட்டர் என்பது நடுத்தரமான அளவு, அதாவது 350 கன அடிபோல. அணைச் செய்தியில் வரும் ஆயிரக்கணக்கான கன அடியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு வினாடியும் 10 டன் தண்ணீர் ஒரு குறுகிய சிமென்ட் வழியில் உங்களைத் தாண்டிப் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் உங்கள் மேல் அது கொடுக்கும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கலாம் என்று நினைப்பவர்கள் மறப்பது இதைத்தான்.

அளவு மாறினால் கால்வாயின் முகமே மாறிவிடும். கொஞ்சம் குறைந்தால் கட்டைகள் வெளியே தெரியும், அலை சிறுக்கும், படகின் அடி உரசும். ஆற்றில் வெள்ளம் வந்தால் கால்வாய் இன்னும் ஆவேசமாகும் என்றுதான் பலர் எதிர்பார்ப்பார்கள், ஆனால் அடிக்கடி நேர்மாறாக நடக்கும். கீழ் ஆற்றின் மட்டம் உயர்ந்து கால்வாயின் கடைசிப் பகுதி மூழ்கிவிடும், அங்கிருந்த அலைகள் காணாமல் போய்விடும், மேல்பகுதி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். இளைப்பாற நினைத்திருந்த குளமும் அதோடு போய்விடும். வெள்ளத்தில் மரக்கிளைகளும் வரும். தலைப்பில் கம்பி வலை இருந்தாலும் தப்பி வந்த ஒரு கிளை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டால் தண்ணீர் அதனூடே போகும், நீங்கள் போக மாட்டீர்கள். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் படகை இறக்காதீர்கள், கால்வாய் ஊழியரிடம் சொல்லுங்கள். தண்ணீரை நிறுத்தி அதை எடுக்க முடிவது செயற்கைக் கால்வாய்க்கே உள்ள வசதி.

படி 3: என்னென்ன வேண்டும்

படகைப் பற்றி நிறைய வாக்குவாதம் உண்டு. கற்றுக்கொள்ள வருகிறவருக்கு இரண்டரை மீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் ரிவர் கயாக் போதும். மூக்கு கொஞ்சம் மேலே வளைந்து, ஓரங்கள் உருண்டு இருந்தால் தவறுகளை மன்னிக்கும். ஸ்லாலம் படகு குறைந்தது மூன்றரை மீட்டர் நீளம், தட்டையான பின்பகுதி, கத்திமாதிரி ஓரம். அழகாகத் திரும்பும், ஆனால் சிமென்ட் சுவரில் ஒருமுறை முட்டினால் மூக்கு நொறுங்கும். இப்போதைக்கு வேண்டாம். எந்தப் படகானாலும் உள்ளே காற்றுப்பைகள் ஊதி வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கவிழ்ந்த படகு தண்ணீரை நிரப்பிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோ எடையோடு உங்களைத் துரத்தும்.

படகைவிட முக்கியம் அதில் நீங்கள் உட்காரும் விதம். இடுப்பு, தொடை, பாதம் மூன்றும் படகோடு ஒட்டி இருக்க வேண்டும். இடுப்பை அசைத்தால் படகு உடனே அசைய வேண்டும். தளர்வாக உட்கார்ந்துகொண்டு எத்தனை வருடம் பயிற்சி செய்தாலும் படகைச் சாய்க்கக் கற்க முடியாது. வாடகைப் படகு எடுப்பவர்கள் இதற்காகப் பத்து நிமிடம் செலவழிக்கச் சோம்பல்படுகிறார்கள், அப்புறம் ‘எனக்கு ரோல் (கவிழ்ந்த படகோடு மறுபடி நிமிர்வது) வரவில்லை’ என்று புலம்புகிறார்கள்.

இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடித் தண்ணீர் புகாமல் தடுக்கும் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை மாட்டியதும் முன்னால் இருக்கும் இழுப்பு வளையம் வெளியே தெரிகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும். வளையம் உள்ளே மடங்கிப் போய்விட்டால் கவிழ்ந்த பிறகு அதைத் தேட முடியாது.

ஹெல்மெட் தண்ணீர் விளையாட்டுக்கென்றே செய்ததாக இருக்கட்டும், ஐரோப்பியத் தரக்குறியீடு ஈஎன் 1385. சைக்கிள் ஹெல்மெட் இதற்கு ஆகாது. லைஃப் ஜாக்கெட் என்று பொதுவாகச் சொன்னாலும் கயாக்கில் போடுவது கைகளுக்கு இடம்விட்ட, கழுத்துப் பட்டை இல்லாத மிதவை அங்கி. தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது காதுவரை ஏறக் கூடாது. ஷூ கட்டாயம், கயிறு தொங்காததாக, அடி தடிமனாக. முழங்கைக்குக் காப்பு இருந்தால் நல்லது, கான்கிரீட்டில் தோல் உரிவது இங்கே சர்வசாதாரணம். அணையின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீர் வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும், அதனால் வெளியே அடிக்கும் வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரில் கையை வைத்துப் பார்த்து உடுத்துங்கள்.

எறிகயிற்றுப் பை ஒன்று, 15 முதல் 20 மீட்டர் கயிறோடு. கரையில் நிற்பவர் கையில் அது இருக்க வேண்டும், காரில் இருந்து பயனில்லை.

படி 4: அசையாத தண்ணீரில் முடித்துவிட்டு வர வேண்டியவை

கவிழ்ந்தால் வெளியே வருவதுதான் முதல் பாடம். உடம்பை முன்னால் மடக்கி முகத்தைக் காப்பாற்றுங்கள், படகின் அடியில் இரண்டு தட்டு தட்டுங்கள் (பதற்றத்தை அடக்கத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை), வளையத்தை முன்னோக்கி இழுத்து ஸ்கர்ட்டைக் கழற்றுங்கள், இடுப்பின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிப் படகைப் பேன்ட் கழற்றுவது போலத் தள்ளிவிட்டு வெளியே வாருங்கள். பின்னால் சாய்ந்தபடி வெளியே வர முயன்றால் முகம்தான் கட்டையில் படும். இது யோசிக்காமல் வரும்வரை நீச்சல்குளத்திலோ குளத்திலோ செய்யுங்கள்.

ரோல், அதாவது படகோடு மறுபடி நிமிர்வது, கட்டாயமா? முதல் நாளுக்குக் கட்டாயம் இல்லை என்பது என் அபிப்பிராயம், பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கீழ்க்குளத்திலும் கடைசி இரண்டு எடிகளிலும் (கட்டைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கும் இடங்கள்) கற்பதற்கு ரோல் தேவையில்லை, நீந்தினாலும் சில மீட்டரில் குளத்தில் இருப்பீர்கள். மேல்பகுதிக்குப் போகுமுன் கண்டிப்பாக வேண்டும், அதுவும் அமைதியான நீரில் இரண்டு பக்கமும் தயங்காமல் வர வேண்டும். துடுப்பைத் தட்டி நிமிரும் பிரேஸ், படகை ஓரத்தில் சாய்த்து நேராகவே ஓட்டுவது, ஒரே வீச்சில் படகைத் திருப்பும் ஸ்வீப், இவையும் அமைதியான நீரிலேயே முடிக்க வேண்டிய பாடங்கள்.

படி 5: கரையில் நடங்கள்

செயற்கைக் கால்வாயின் மிகப் பெரிய நன்மை, இரண்டு பக்கமும் நடைபாதை இருப்பது. காட்டாற்றில் புதரையும் பாறையையும் தாண்டிப் பார்க்க வேண்டியதை இங்கே செருப்போடு நடந்தே பார்த்துவிடலாம். கீழேயிருந்து மேலே நடங்கள். கீழிருந்து பார்த்தால்தான் கட்டைகளின் பின்பக்கம், அதாவது நீங்கள் ஒதுங்க வேண்டிய இடங்கள், கண்ணில் படும்.

என்ன பார்க்க வேண்டும்? மேலிருந்து பார்க்கையில் தண்ணீரில் ஆங்கில எழுத்து ‘வி’ போல ஒரு வடிவம் அடிக்கடி தெரியும். அதன் கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் அது நாக்கு, தடையில்லாத ஆழமான வழி, அதில் போகலாம். கூர்முனை மேல்நோக்கி உங்களைப் பார்த்தால் அங்கே ஒரு கட்டை ஒளிந்திருக்கிறது. கட்டைக்குப் பின்னால் தண்ணீர் அடங்கி, மெதுவாக மேல்நோக்கித் திரும்பி ஓடும் இடம்தான் எடி. அங்கே படகை நிறுத்தி மூச்சு வாங்கலாம். வேகமாக இறங்கும் நீருக்கும் எடிக்கும் நடுவே கொதிக்கிற மாதிரி ஒரு கோடு தெரியும், அது எடிக்கோடு, கற்றுக்குட்டிகள் கவிழ்வதில் பெரும்பகுதி அந்த ஒரு கோட்டின் மேல்தான் நடக்கிறது.

ஸ்டாப்பர்களை நின்று நிதானமாகப் பாருங்கள். அதன் இரண்டு முனைகளும் கீழ்நோக்கி வளைந்திருந்தால் மாட்டியவரைப் பக்கவாட்டில் வழித்து வெளியே அனுப்பிவிடும். முனைகள் மேல்நோக்கி வளைந்திருந்தால் எல்லாவற்றையும் நடுவுக்கே கொண்டுவந்து சேர்க்கும், அதைச் சுற்றிப் போங்கள். நுரை பின்னோக்கி ஓடுகிற தூரத்தையும் கவனியுங்கள். அது ஒரு படகின் நீளத்துக்கு மேல் இருந்தால் மரியாதை கொடுங்கள். ஒரு குச்சியை எறிந்து அது எங்கே போகிறது, எங்கே நின்று சுற்றுகிறது என்று பார்ப்பதும் நல்ல வழி. அதைவிட நல்ல வழி, முன்னால் யாராவது நீந்திப் போவதைப் பார்ப்பது. பாவம்தான், ஆனால் தண்ணீர் மனிதனை எங்கே கொண்டுபோகும் என்பதை அதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

பல இடங்களில் கட்டைகள் நகர்த்தி வைக்கக்கூடிய பிளாஸ்டிக் உருளைகளாகவோ பெட்டிகளாகவோ இருக்கும், போட்டிக்காக இடம் மாற்றுவார்கள். ஆகவே போன வருடம் ஓட்டியவர் சொன்ன வழி இந்த வருடம் செல்லாமல் போகலாம். மதகு மூடியிருக்கும் நேரத்தில் போக முடிந்தால் வறண்டு கிடக்கும் கால்வாயை மேலிருந்து ஒருமுறை பார்த்து வையுங்கள். எந்தக் கட்டை எந்த அலையை உண்டாக்குகிறது என்பது அப்போது பளிச்சென்று விளங்கும், இடுக்குகள் எங்கே என்பதும்.

படி 6: கடைசி எடியிலிருந்து ஆரம்பியுங்கள்

சரி, இப்போது படகை இறக்கலாம். கால்வாயின் கடைசிக் குளத்தில் இறங்கி, அங்கிருந்து கடைசி எடிக்குள் துடுப்பு போட்டு ஏறுங்கள். இங்கே மூன்றே மூன்று வேலைகள்: நீரோட்டத்துக்குள் போவது, நீரோட்டத்திலிருந்து எடிக்குள் வருவது, நீரோட்டத்தைக் குறுக்காகக் கடப்பது. இந்த மூன்றும் கைவந்தால் கால்வாய் முழுவதும் இவற்றையே மாற்றி மாற்றிச் செய்வதுதான்.

நீரோட்டத்துக்குள் போக, எடிக்குள் படகின் மூக்கு மேல்நோக்கி இருக்கட்டும். நாலைந்து வலுவான வீச்சில் வேகம் எடுங்கள். ஏறக்குறைய 45 பாகை கோணத்தில் எடிக்கோட்டை வெட்டுங்கள். மூக்கு வேகநீரில் பட்டதும் தண்ணீர் அதைக் கீழ்நோக்கித் திருப்பும், அந்தக் கணத்தில் படகைக் கீழ்ப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். வேகநீர் படகின் அடிப்பாகத்தைத்தான் பார்க்க வேண்டும், மேல்விளிம்பைப் பிடிக்க விடக்கூடாது. பிடித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தலைகீழாக இருப்பீர்கள். சைக்கிளில் திரும்பும்போது திரும்புகிற பக்கமே சாய்கிறோமே, அதே சாய்வு. உடம்பு சாய வேண்டாம், இடுப்பு மட்டும் சாயட்டும், தலை படகின் மேலேயே நிற்கட்டும்.

எடிக்குள் வருவதற்கும் இதே சாய்வு விதிதான், திசை மட்டும் மாறும். எடியின் மேல்முனை, கட்டைக்கு ஒட்டிய இடம், அதைக் குறிவையுங்கள். எடியின் வாலில் நுழைந்தால் அங்கே தண்ணீருக்கு நிறுத்தும் வலு இருக்காது, அப்படியே கீழே நழுவிவிடுவீர்கள். பலர் எடியின் அருகே வந்ததும் துடுப்பை நிறுத்திவிடுகிறார்கள். எடிக்கோட்டைத் தாண்டி மறுபக்கத்துத் தண்ணீரில் துடுப்பை ஊன்றும்வரை வேகம் வேண்டும். கண் போகிற இடத்துக்குத்தான் படகு போகும், அதனால் பயமுறுத்தும் கட்டையைப் பார்க்காதீர்கள், நிற்க வேண்டிய இடத்தைப் பாருங்கள்.

குறுக்காகக் கடப்பது, அதாவது ஃபெரி, இவை எல்லாவற்றிலும் அழகானது. மூக்கை மேல்நோக்கியே வைத்து, போக வேண்டிய கரையின் பக்கம் கொஞ்சமாக, ஒரு 20 அல்லது 30 பாகை திருப்பி, எதிர்நீச்சல் போடுவது போலத் துடுப்பு போட்டுக்கொண்டே இருந்தால் தண்ணீரே படகை அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். நீர் வேகமாக இருந்தால் கோணத்தைக் குறையுங்கள். சாய்வு எப்போதும்போலக் கீழ்ப்பக்கம்.

இந்த எடியில் சலிப்புத் தட்டும்வரை இருங்கள். அப்புறம் படகைத் தோளில் தூக்கி அடுத்த மேல் எடிக்கு நடந்துபோய் அங்கே இறங்குங்கள், அங்கிருந்து நீங்கள் ஏற்கனவே அறிந்த எடிவரை வாருங்கள். மறுபடி ஒரு எடி மேலே. ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக ஒரே ஒரு துண்டுதான் இருக்கும், அதற்குக் கீழே உள்ளது எல்லாம் தெரிந்த தண்ணீர். சில கால்வாய்களில் ஆளையும் படகையும் சேர்த்தே மேலே ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட் உண்டு, அது உங்களை நேராக உச்சியில்தான் கொண்டுபோய் விடும். ஆசையாகத்தான் இருக்கும். நடந்தே போங்கள்.

படி 7: ஸ்டாப்பரும் கட்டையும்

ஸ்டாப்பருக்குள் போவதென்று முடிவெடுத்துவிட்டால் தயங்காதீர்கள். நேராக, வேகத்தோடு, உடம்பை முன்னால் சாய்த்து, நுரையின் உச்சிக்கு அந்தப்பக்கம் துடுப்பை ஊன்றி இழுங்கள். மெதுவாகவும் கோணலாகவும் போகிறவரைத்தான் அது பிடித்துப் பக்கவாட்டில் கிடத்தும்.

கிடத்திவிட்டதா? கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து, நுரையின் மேல் துடுப்பை வைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நில்லுங்கள். கையை மேலே நீட்டினால் தோள்மூட்டு விலகிவிடும், இந்த விளையாட்டில் அடிக்கடி வரும் காயம் அது. நிதானம் வந்ததும் முன்னோக்கியோ பின்னோக்கியோ நகர்ந்து திறந்திருக்கும் முனைக்குப் போய் வெளியேறுங்கள். படகை விட்டு நீந்த வேண்டி வந்தும் நுரை விடவில்லையென்றால் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கீழே போக விடுங்கள், ஆழத்தில் ஓடும் நீர் கீழ்நோக்கித்தான் போகிறது, சற்றுத் தள்ளி வெளியே கொண்டுவந்து விடும்.

கட்டையில் படகு பக்கவாட்டாகப் போய் ஒட்டிக்கொண்டால் உள்ளுணர்வு கட்டையிலிருந்து விலகிச் சாயச் சொல்லும். கேட்காதீர்கள். கட்டையின் பக்கமே சாய்ந்து அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள், கையால் தள்ளி ஒரு முனைக்கு நகருங்கள். விலகிச் சாய்ந்தால் தண்ணீர் படகின் மேல்தட்டில் ஏறி உங்களை அங்கேயே அமுக்கிவிடும்.

படி 8: நீந்த நேர்ந்தால்

நேரும். முழங்காலுக்கும் கீழே தண்ணீர் வரும்வரை எழுந்து நிற்காதீர்கள். அடியில் ஓர் இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் பின்னாலிருந்து வரும் நீரோட்டம் உங்களை முகம்குப்புற அழுத்திப் பிடிக்கும், மார்பளவு தண்ணீர்கூட வேண்டாம். மல்லாந்து, கால்களை முன்னால் நீட்டி, பாதங்களை மேற்பரப்பில் வைத்து மிதப்பது மோதலைத் தாங்கும் நிலை. ஆனால் அப்படியே கடைசிவரை மிதந்து போகவும் கூடாது. எடி ஒன்று தெரிந்ததும் குப்புறத் திரும்பி, வெறியோடு நீந்தி அதற்குள் போங்கள். படகு கையில் இருந்தால் அதற்கு மேல்பக்கம் நீங்கள் இருங்கள், கட்டைக்கும் படகுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. படகா உயிரா என்று வந்தால் படகை விட்டுவிடுங்கள், கீழே யாராவது பிடித்துக் கொடுப்பார்கள்.

கயிறு வந்தால் பையைப் பிடிக்காதீர்கள், கயிற்றைப் பிடியுங்கள். கையில் சுற்றவே கூடாது. மல்லாந்து, கரைக்கு எதிர்ப்பக்கத் தோளுக்கு மேலாகக் கயிற்றைப் போட்டு மார்போடு பிடித்தால் தண்ணீரே உங்களைக் கரைக்கு ஒதுக்கும். எறிகிறவர் முதலில் கத்திக் கூப்பிட்டு, நீந்துகிறவர் திரும்பிப் பார்த்த பிறகு எறிய வேண்டும், தலைக்கு அந்தப்பக்கம் விழும்படி.

படி 9: மற்றவர்களோடு

மேலிருந்து வருகிறவருக்கு வழி. எடியிலிருந்து புறப்படுகிறவர்தான் திரும்பிப் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். ராஃப்ட், அதாவது பலர் ஏறும் காற்றடைத்த படகு, வந்தால் கேள்வியே இல்லை, ஒதுங்குங்கள். எட்டுப் பேர் உட்கார்ந்த ராஃப்டுக்கு பிரேக் கிடையாது, அதில் பாதிப்பேருக்குத் துடுப்பு பிடிக்கவே அன்றுதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அலையில் சர்ஃப் செய்ய (படகை அலையின் மேல் நிறுத்தி விளையாட) வரிசை உண்டு, விழுந்ததும் வரிசையின் கடைசிக்குப் போவதுதான் மரியாதை.

சைகைகள்: துடுப்பை நேராக நிமிர்த்திப் பிடித்தால் ‘வா, வழி காலி’, தலைக்கு மேல் கிடையாகப் பிடித்தால் ‘நில்’. மூன்று விசில் அடித்தால் ஆபத்து. மதகை மூடும் முறையையும் நேரத்தையும் கேட்டு வையுங்கள். மூடியதும் கொஞ்ச நேரத்திலேயே மட்டம் இறங்கும், கட்டைகள் தலை தூக்கும், நடுவழியில் இருந்தால் தரையில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

படி 10: மதகிலிருந்து முழு ஓட்டம், அப்புறம் கேட்

எல்லா எடிகளும் தெரிந்த பிறகு மதகுக்கு வாருங்கள். முதல் இறக்கம் பெரும்பாலும் வழவழப்பான ஒரு சரிவு, அடியில் ஒரு ஸ்டாப்பர். இப்போது அதற்குக் கீழே எந்த எடி, எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரியும், அதனால் முன்னால் பார்த்து ஓட்டுவீர்கள். முழுக் கால்வாயையும் நிற்காமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், அடுத்தமுறை ஒவ்வொரு எடியிலும் நின்று ஓட்டிப் பாருங்கள். இரண்டாவதுதான் கடினம், கையும் இடுப்பும் அதில்தான் தேறும்.

அதிலும் அலுத்துப் போனால் மேலே கம்பியில் தொங்கும் கேட்களை, அதாவது நடுவே புகுந்து போக வேண்டிய கம்பங்களைப் பயன்படுத்துங்கள். பச்சை வெள்ளைக் கம்பங்கள் கீழ்நோக்கிப் போக, சிவப்பு வெள்ளை மேல்நோக்கி ஏற. போட்டியில் 18 முதல் 25 கேட்கள் இருக்கும், கம்பத்தைத் தொட்டால் 2 வினாடி தண்டம், கேட்டைத் தவறவிட்டால் 50 வினாடி. போட்டிக்குப் போகாதவருக்கும் இது பயன்படும், ஏனென்றால் சிவப்புக் கேட்களைப் பெரும்பாலும் எடிக்குள்தான் தொங்கவிடுவார்கள். எடியில் ‘எப்படியோ நுழைந்துவிட்டேன்’ என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள கேட் விடாது.

ஓட்டி முடித்த பிறகு

படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, அடியைத் தடவிப் பாருங்கள். கான்கிரீட் பிளாஸ்டிக்கைச் சுரண்டிக்கொண்டே இருக்கும், இருக்கைக்குக் கீழே உள்ள பகுதிதான் முதலில் மெலியும். எறிகயிற்றைப் பையிலிருந்து முழுவதும் வெளியே எடுத்துக் காயவைத்துத் திரும்ப அடையுங்கள்.

அணைக்கு மேலே தேங்கி நிற்பது ஊர்களைத் தாண்டி வந்த ஆற்றுத்தண்ணீர். பெருமழைக்கு அப்புறம் கழிவுநீரும் கலந்திருக்கும், அந்த ஓரிரு நாட்களைத் தவிர்ப்பது நல்லது. உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டிவிட்டு இறங்குங்கள், வாயில் போன தண்ணீரைத் துப்பிவிடுங்கள், சாப்பிடுமுன் குளித்துவிடுங்கள் அல்லது சோப்பு போட்டுக் கையையாவது கழுவுங்கள். எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் காய்ச்சல் இந்த விளையாட்டுக்காரர்களுக்கு வரக்கூடியது, சாதாரணக் காய்ச்சல் போலத்தான் தலைவலி, உடம்புவலியோடு ஆரம்பிக்கும், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்துக்குள், சில சமயம் ஒரு மாதம் கழித்தும். அப்படி ஏதாவது வந்தால் மருத்துவரிடம் போகும்போது ஆற்றில் இறங்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சந்தேகம் வர வழியில்லை.